நிழலுக்கும் ஒரு அளவு உண்டு

வெயில் எட்டாத பால்கனி, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து, விடுதியின் வராந்தா. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதி வீடுகளில் எந்தத் தொட்டிச் செடி பிழைக்கும்?

நர்சரிக்குள் நுழைந்ததும் கை நீள்வது பூத்து நிற்கும் ரோஜாவை நோக்கித்தான். வாங்கி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்து, பால்கனியில் இறக்குகிறோம். ஏற்கெனவே இருந்த மொட்டுகள் விரிகின்றன. அதன்பின் புது மொட்டு வருவதில்லை. தண்டு மெலிந்து வெளிச்சம் வரும் பக்கமாக வளைகிறது. இலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. கொஞ்ச நாளில் மிஞ்சுவது வெறும் குச்சி. ‘நமக்குச் செடி வைக்கக் கைராசி இல்லை’ என்ற முடிவோடு தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

கைராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அந்தப் பால்கனியில் அரை மணி நேரம்கூட வெயில் விழுவதில்லை. மல்லி, செம்பருத்தி, துளசி, தக்காளி, கத்தரி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். செடியைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு அதற்கு இடம் தேடுகிறோம். முதலில் இடத்தைப் படித்துவிட்டு, அந்த இடத்துக்குப் பிடித்த செடியைத் தேடினால் கதை மாறும்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் படிப்பு கட்டாயம் தேவை. ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த பகுதி இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிஸான், 2012-ல் டைம்லர் என்று ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. அந்த வேகத்திலேயே குடியிருப்புகளும் எழுந்தன. நாலு பக்கமும் காற்றாட நின்ற ஓட்டு வீட்டின் இடத்தில் வரிசையாக அறைகள் கொண்ட லைன் வீடு. பக்கத்து மனையில் மூன்று மாடி. நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. பால்கனிக்கு எதிரே சில அடி தூரத்தில் அடுத்தவர் சுவர்.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 படுக்கைகளோடு கட்டப்பட்டது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை, ஒரே வளாகத்தில். மனிதர்கள் இப்படி அடுக்கடுக்காக வாழும்போது நேர் வெயில் சிலருக்கே வாய்க்கும். பெரும்பாலோருக்குக் கிடைப்பது நிழல்தான்.

அந்த நிழலைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் நிழல் ஒரு வரம். காட்டில் பெருமரங்களுக்கு அடியில், சூரியனை நேராகப் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாக வாழப் பழகிய செடிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நம் வீட்டு நிழல் எத்தனை அடர்த்தி?

வடக்குப் பக்கமும் வெயில் வரும்

வெளிநாட்டுத் தோட்டக்கலைப் புத்தகங்களும் வீடியோக்களும் வடக்குப் பார்த்த பால்கனி ஆண்டு முழுக்க நிழல் என்று சொல்கின்றன. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். அங்கே நண்பகல் சூரியன் எல்லா நாளும் தெற்கேதான் நிற்கிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில். நமக்குக் கணக்கு வேறு.

ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி, குச்சி நட்டு வைத்துக் காட்டும் ‘நிழலில்லா நாள்’ இதுதான். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய நான்கு மாதங்களும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதத்தில் அது வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது. அதனால் வடக்குப் பால்கனியில் காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் உள்ளே நுழையும். ஜனவரியில் அங்கே செழித்திருந்த செடி அக்னி நட்சத்திரத்தில் இலை கருகி நிற்பது இதனால்தான்.

தெற்குப் பால்கனியில் நேர்மாறு. கோடையில் உச்சி வெயிலை மேல்தளமே மறைத்துவிடும். டிசம்பரில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 54 டிகிரி உயரத்திலேயே நின்றுவிடுவதால், எதிரே கட்டடம் எதுவும் இல்லாவிட்டால், பத்தடி உயரத் திறப்பின் வழியாக ஏழடி உள்ளே வரை வெயில் பாயும். கிழக்குப் பால்கனி செடிகளுக்குக் கொடுத்து வைத்த இடம். இளவெயில் பட்டு, சூடேறும் முன் விலகிவிடும். மேற்குப் பால்கனியைக் காலையில் மட்டும் பார்த்துவிட்டு நிழல் என்று நம்பிவிடக் கூடாது. பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே சுவரே சுடும்.

ஆகவே திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு தூரம் வெயில் உள்ளே வருகிறது என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால் இன்னும் நல்லது. கோடையில் அந்தக் கோட்டுக்கு உட்பக்கமாகத் தொட்டிகளை நகர்த்தினால் போதும். தொட்டிச் செடியின் பெரிய வசதியே அதை நகர்த்த முடியும் என்பதுதான்.

வானம் எவ்வளவு தெரிகிறது?

நம் கண் வெளிச்சத்தை அளக்கும் கருவி அல்ல. வெயிலில் சுருங்கி, நிழலில் விரிந்து, இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலக் காட்டிவிடும். உண்மையான வேறுபாடு மிகப் பெரிது. உச்சி வெயிலில் வெட்டவெளியில் ஒளியின் அளவு சுமார் ஒரு லட்சம் லக்ஸ். வானம் நன்றாகத் தெரியும் நிழலில் அது பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை. ஜன்னலிலிருந்து தள்ளி, அறையின் நடுவே சில நூறு. நமக்கு ‘நல்ல வெளிச்சம்’ என்று தோன்றும் இடத்தில் ஒரு ரோஜா பட்டினி கிடக்கும்.

செல்போனில் ஒளி அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. துல்லியம் குறைந்தாலும், ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட அவை போதும். செல்போன் இல்லாமலும் அளக்கலாம். நண்பகலில் தொட்டி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் பிரிந்து கூர்மையாக நிழல் விழுந்தால் வெளிச்சம் அதிகம். ஓரம் மங்கிய, ஆனால் கை என்று தெரிகிற நிழல் என்றால் நடுத்தரம். நிழலே சரியாக விழவில்லை என்றால் அது அடர் நிழல்.

இன்னொரு வழி, செடியின் இடத்தில் நாமே குனிந்து பார்ப்பது. இலை இருக்கப்போகும் உயரத்தில் கண்ணை வைத்து, வானம் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். வானம் தாராளமாகத் தெரிந்தால் வெயில் விழாவிட்டாலும் பல செடிகள் வளரும். ஒரு கீற்று மட்டும் தெரிந்தால் தேர்வு சுருங்கும். எதிர்ச்சுவர் மட்டுமே தெரிகிறது என்றால் மிகச் சில செடிகளே தாங்கும். அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தால் கணிசமான ஒளி திரும்பி வரும். சந்துகளுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

இந்த அளவில் மூன்று நிலைகளைப் பிரித்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் இளவெயில் வரும் இடம் அரை நிழல். வெயில் விழாமல் வானம் தெரியும் இடம் வெளிர் நிழல். வானமே தெரியாத இடம் அடர் நிழல்.

அடர் நிழலுக்கு: பொறுமைசாலிகள்

சந்து, மாடிப்படி வளைவு, தரைத்தள வண்டி நிறுத்தத்தின் ஓரம், விடுதி அறையின் உட்புறம் ஆகியவற்றுக்கு முதல் செடி ஸ்நேக் பிளான்ட். நர்சரியில் கிடைக்கும் மஞ்சள் விளிம்பு வகையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால் அதன் நெருங்கிய உறவான மருள் நம் சோழமண்டலக் கரையின் புதர்க்காடுகளிலேயே விளைகிறது. அதன் நாரைத் திரித்து வில்லுக்கு நாண் செய்தார்கள். சங்க இலக்கியத்தில் வரும் மரல் இதுதான் என்று கருதுவோர் பலர். வறண்ட மண்ணுக்குப் பழகிய குலம் என்பதால் இரண்டு வாரம் தண்ணீர் இல்லாவிட்டாலும் அது கலங்காது.

இரண்டாவது, நர்சரிக்காரர்கள் ‘ஜாமியா’ என்று அழைக்கும் இசட்-இசட் பிளான்ட். கிழக்கு ஆப்பிரிக்கச் செடி. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. மெதுவாகத்தான் வளரும். சில மாதங்கள் புது இலையே வராமல் நின்று, பிறகு ஒரே மூச்சில் ஒரு தண்டு எழும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறவர்கள், ஷிஃப்ட் மாறி மாறி வந்து பகலில் தூங்குகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

மூன்றாவது, கரும்பச்சை இலை கொண்ட அக்லோனிமா. இதில் சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகள் கண்ணைப் பறிக்கும், விலையும் அதிகம். அடர் நிழலுக்கு அவை வேண்டாம். இலையில் வெள்ளையும் சிவப்பும் தூக்கலாக இருக்கும் இடத்தில் பச்சையம் குறைவு. பச்சையம் குறைந்த இலைக்கு அதிக வெளிச்சம் வேண்டும். இருட்டில் வைத்தால் நிறம் மங்கும், அல்லது செடி மெலியும். நிழல் கூடக்கூட இலை கரும்பச்சையாக இருக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

அடர் நிழலில் செடி உயிரோடு இருக்கும். வேகமாக வளரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு தொட்டிகள் வாங்கி, ஒன்றைச் சந்திலும் ஒன்றை வெளிச்சமான பால்கனியிலும் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் இரண்டுமே தெளிவாக இருக்கும்.

வெளிர் நிழலுக்கு: கொடிகளும் பெரணிகளும்

வானம் தெரியும் பால்கனி என்றால் தேர்வு விரிகிறது. மணி பிளான்ட் எல்லோருக்கும் தெரியும். பசிபிக் பெருங்கடலில் மூரியா என்ற தீவிலிருந்து உலகெங்கும் பரவிய கொடி அது. அதை நாம் பெரும்பாலும் தொங்கவிடுகிறோம். காட்டில் அது மரத்தைப் பற்றி ஏறும் கொடி. ஒரு மரக்கட்டையையோ தேங்காய் நார் சுற்றிய குச்சியையோ நட்டு ஏற்றிவிட்டுப் பாருங்கள். ஏற ஏற இலை பெரிதாகும். தொங்கும்போது சிறுத்துப்போகும். சிங்கோனியம், பிலோடென்ட்ரான் இரண்டுக்கும் இதே பழக்கம்.

ஸ்பைடர் பிளான்ட் குஞ்சு விட்டுப் பெருகும். ஒரு தொட்டி வாங்கினால் ஓர் ஆண்டில் அக்கம்பக்கத்து அறைகளுக்கெல்லாம் கொடுக்கலாம். பீஸ் லில்லி நிழலிலேயே வெள்ளைப் பூ கொடுக்கும். தண்ணீர் குறைந்தால் மொத்தமாகத் துவண்டு காட்டும், ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிரும். அதனாலேயே புதிதாகச் செடி வளர்க்கிறவர்களுக்கு நல்ல ஆசிரியர். உயரமாக ஏதாவது வேண்டும் என்றால் அரேகா பாம், லேடி பாம், டிராசீனா மூன்றும் மறைப்புக்கும் உதவும். எதிர் வீட்டு ஜன்னல் நேராகத் தெரியும் பால்கனிகளில் இது சிறிய விஷயமில்லை.

பெரணிகளில் வாள் போன்ற இலை விடும் நெஃப்ரோலெப்பிஸ் வகை கடினமானது. அதைத் துணிந்து வாங்கலாம். கலாத்தியா, மெய்டன்ஹேர் பெரணி போன்றவை ஈரக்காற்றுச் செடிகள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் மே, ஜூனில் அடிக்கும் வறண்ட மேல்காற்று அவற்றின் இலை ஓரங்களைக் கருக்கிவிடும். நர்சரியின் பச்சை வலைக்குள் அழகாக இருக்கின்றனவே என்று ஏமாற வேண்டாம்.

நர்சரி பற்றி இன்னும் ஒன்று. தென்னிந்திய நர்சரிகளுக்குச் செடி அனுப்பும் பெரிய மையம், ஆந்திராவில் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம். பச்சை வலைக்குள் வளர்ந்து, லாரியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வரும் செடி, வீட்டுக்கு வந்ததும் சில இலைகளை உதிர்ப்பது இயல்பு. வந்த அன்றே தொட்டி மாற்றி, உரம் போட்டு அதைத் துன்புறுத்த வேண்டாம். இரண்டு வாரம் ஓரிடத்தில் நிலைக்க விடுங்கள்.

அரை நிழலுக்கு: தலைக்குப் பூ, சமையலுக்கு இலை

காலையில் இரண்டு மூன்று மணி நேரம் இளவெயில் வருகிற இடம் இருந்தால், நம் மண்ணுக்கே உரிய செடிகள் காத்திருக்கின்றன. முதலில் கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். பகுதி நிழலில் நன்றாகப் பூக்கும். மணம் கிடையாது, ஆனால் கட்டிய சரம் எளிதில் வாடாது. டெல்லி கனகாம்பரம் என்ற ரகம் விதை வைக்காது. குச்சி வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் நாலு பூ பறித்துத் தலையில் வைத்துக்கொள்ள முடிகிற செடியைவிடத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பொருத்தமானது வேறென்ன? நந்தியாவட்டை, காசித்தும்பை இரண்டும் இதே இடத்தில் பூக்கும்.

அடுத்து வெற்றிலை. நிழல் விவசாயத்தில் நம்மவர்கள் கண்ட தேர்ச்சிக்குச் சாட்சி கொடிக்கால்தான். அகத்தியை முன்கூட்டியே விதைத்து வளர்த்து, அதன் நிழலில், அதன் தண்டிலேயே வெற்றிலைக் கொடியை ஏற்றுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான், ஆத்தூர், கும்பகோணம் வெற்றிலைகளுக்குப் பின்னால் இந்த நிழல் கணக்கு இருக்கிறது. நேர் வெயில் பட்டால் வெற்றிலை வெளிறும். ஈரம் குறைந்தால் சுருங்கும். மூன்று நான்கு கணுக்கள் உள்ள கொடியை ஈரமான, நீர் தேங்காத மண்ணில் நட்டு, ஒரு குச்சியில் ஏற்றிவிட்டால் பால்கனியே கொடிக்கால் ஆகும். சளிக்கும் பூஜைக்கும் விருந்துக்கும் கடைக்கு ஓட வேண்டாம்.

வெற்றிலையின் உறவுக்காரர்களான மிளகும் திப்பிலியும் நிழல் விரும்பிகள்தான். மிளகுக் கொடியின் காய்க்கும் பக்கக் கிளையை வேர்விடச் செய்து வளர்க்கும் புதர் மிளகு, கொடி ஏறாமல் தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். வல்லாரை, புதினா, கற்பூரவல்லி மூன்றும் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வைக்க ஏற்றவை. முதல் இரண்டுக்கும் ஈரம் வேண்டும். கற்பூரவல்லிக்கு மண் காய்ந்து காய்ந்து ஈரமாக வேண்டும். இஞ்சியும் மஞ்சளும் அகலத் தொட்டியில் அரை நிழலில் வளரும். சித்திரையில் நட்டால் தைப்பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வீட்டுத் தொட்டியிலிருந்தே கிடைக்கும்.

தண்ணீர்தான் கொல்கிறது

நிழலில் செடி சாவதற்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சக் குறைவு என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் ஊற்றும் தண்ணீர்தான் அதைக் கொல்கிறது. வெயில் இல்லாத இடத்தில் இலை குறைவாகவே நீரை வெளியேற்றும். மண்ணும் மெதுவாகக் காயும். தினமும் ஒரு குவளை என்று பழக்கமாக ஊற்றினால் வேர் காற்றில்லாமல் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை வாடும். வாடியதைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம்.

அடியில் துளையில்லாத அழகுத் தொட்டிகளை நிழல் இடத்தில் தவிர்க்க வேண்டும். மண் தொட்டி பக்கவாட்டிலும் காய்வதால், அதிகம் ஊற்றுகிறவர்களுக்கு அது காவல். செலவு கூடாது என்றால் காலி பெயின்ட் வாளியைக் கழுவி அடியில் துளையிடலாம். வெறும் களிமண் கெட்டிப்படும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் ஏறக்குறைய சமமாகக் கலந்து, கொஞ்சம் ஆற்று மணலோ எம்-சாண்டோ சேர்த்தால் நீர் வடியும். நிழல் செடி மெதுவாக வளர்வதால் உரத்தேவையும் குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது.

ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் இந்தப் பகுதியில் பல வீடுகளில் பெரிய தொல்லை. ஸ்பைடர் பிளான்ட், டிராசீனா ஆகியவற்றின் இலை நுனி பழுப்பாகக் கருகுவதற்கு உப்பு ஒரு முக்கியக் காரணம். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதைப் பிடித்து ஊற்றலாம். வடகிழக்குப் பருவமழையில் தொட்டிகளை ஒருமுறை வெளியே வைத்து நன்றாக நனையவிட்டால் சேர்ந்த உப்பு கழுவப்படும். லாரிகள் ஓயாத சாலைகளின் புழுதி இலைமேல் படிந்து, இருக்கிற கொஞ்சம் வெளிச்சத்தையும் மறைக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைப்பது நிழல் செடிக்கு உரத்தைவிட மேலான உதவி. துடைக்கும்போதே இலையடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நெருக்கமாக வாழும் விடுதியில் ஒரு தட்டுத் தண்ணீர் ஒரு மாடி முழுக்கக் காய்ச்சலைக் கொண்டுவரலாம்.

குழந்தை இருக்கும் வீடுகளுக்கு

நிழல் செடிகளில் பெரும்பகுதி சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மணி பிளான்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி, சிங்கோனியம், இசட்-இசட், டிஃபன்பாக்கியா எல்லாம் சேனைக்கிழங்கின் சொந்தங்கள். சேனை நறுக்கும்போது கை அரிப்பதற்குக் காரணமான அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். டிஃபன்பாக்கியா இதில் கடுமையானது. தவழும் குழந்தையோ இலை கடிக்கும் பூனையோ வீட்டில் இருந்தால் டிஃபன்பாக்கியாவைத் தவிர்த்துவிடுங்கள். மற்றவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஸ்பைடர் பிளான்ட், பெரணி, அரேகா பாம் பயமில்லாதவை.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

‘காற்றைச் சுத்திகரிக்கும் செடி’ என்ற அட்டையோடு பல தொட்டிகள் கூடுதல் விலைக்கு விற்கின்றன. 1989-ல் நாசாவுக்காக வுல்வர்டன் நடத்திய ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்து நடந்த ஆய்வு. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஆய்வுகளை மொத்தமாக மறுகணக்கிட்டார்கள். சாதாரணமாகக் கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று வந்தது. ஜன்னலைத் திறந்தால் நடக்கும் வேலைக்குச் செடியை நம்ப வேண்டாம். அந்த அட்டைக்காகக் கூடுதல் காசும் கொடுக்க வேண்டாம்.

செடிக்கும் ஆலைக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1829-ல் நத்தேனியல் வார்டு என்ற மருத்துவர் கிழக்கு லண்டனின் நிலக்கரிப் புகையில் தன் தோட்டத்துப் பெரணிகள் மடிவதைப் பார்த்து வருந்திக்கொண்டிருந்தார். அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவைப் பார்ப்பதற்காக அவர் மூடி வைத்திருந்த கண்ணாடிப் புட்டியில், ஈர மண்ணிலிருந்து ஒரு பெரணி தானாக முளைத்து நன்றாக வளர்ந்தது. அதிலிருந்து பிறந்தது ‘வார்டு பெட்டி’. தேயிலைச் செடிகளை சீனாவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியதும் அதே பெட்டிகள்தான். வீட்டுக்குள் நிழல் செடி வளர்க்கும் ஆசைக்கு வேகம் கொடுத்தவர்கள், புகைக்கும் இருட்டுக்கும் நடுவே வாழ்ந்த ஆலை நகரத்து மனிதர்கள். அவர்களுக்கு உயிருள்ள பச்சை ஒன்று கண்ணெதிரே தேவைப்பட்டது. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரகடத்தில் இன்று தேவைப்படுவதும் அதே.

கட்டுபவர்களுக்கும் ஒரு வேலை

இந்தத் தேவையைத் தனிமனிதர் தலையில் மட்டும் ஏற்றிவிட முடியாது. தொழிற்சாலை வளாகங்களுக்குள் பசுமைப் பரப்பு இருக்கிறது; புல்வெளி இருக்கிறது; அதைக் காக்கத் தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவர் திரும்பிவரும் அறையில் ஒரு தொட்டி வைக்கத் திண்டு இல்லை. ஊற்றிய தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டி, அதுவே சண்டையாகி, வீட்டு உரிமையாளர் செடியே வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்.

இதற்குத் தீர்வு கடினமில்லை. பால்கனித் தரையில் சரியான சாய்வும் ஒரு வடிகால் குழாயும், கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் ஓரடி அகலத் திண்டும், மாடிக்கு ஒரு தண்ணீர்க் குழாயும், சந்துச் சுவர்களுக்கு வெள்ளைப் பூச்சும் இருந்தால் போதும். கட்டும்போதே செய்தால் மொத்தச் செலவில் இது மிகச் சிறிய தொகை. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பதை மட்டும் எங்கும் அனுமதிக்கக் கூடாது. ஈர மண்ணோடு பன்னிரண்டு அங்குலத் தொட்டி இருபது கிலோவைத் தொடும். ஆடிக் காற்றில் விழுந்தால் உயிர் போகும்.

பொது வராந்தாவில் செடி வைத்தால் வழி அடைபடும் என்ற கவலை நியாயமானது. சிங்கப்பூரில் தமிழர் உட்படப் பெரும்பான்மை மக்கள் வசிக்கும் அரசு அடுக்குமாடிகளில் வராந்தாச் செடிகள் ஏராளம். தீ விபத்தின்போது வெளியேற 1.2 மீட்டர் அகல வழி விட வேண்டும் என்ற விதிக்குள் நின்று அவற்றை வளர்க்கிறார்கள். வழியை அளந்து கோடு போட்டுவிட்டால் செடியும் இருக்கும், பாதுகாப்பும் இருக்கும். சிப்காட் தொழிற்பூங்காப் பகுதிகளில் இனி எழும் ஒவ்வொரு தொழிலாளர் குடியிருப்பின் வரைபடத்திலும் இந்தத் திண்டும் குழாயும் கோடும் இடம்பெற வேண்டும். ஆலையின் தோட்டத்தில் கத்தரித்து எறியும் மணி பிளான்ட் கொடியும் கனகாம்பரக் குச்சியும் தொழிலாளர் கைக்குப் போனால் நிர்வாகத்துக்குச் செலவே இல்லை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வருகிற வார விடுமுறையில் காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று என மூன்று முறை உங்கள் பால்கனியைப் பாருங்கள். திசையையும் வெயில் விழும் நேரத்தையும் வானம் தெரியும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நர்சரியில் அந்தத் தாளைக் காட்டி, இந்த இடத்துக்கு எது வரும் என்று கேளுங்கள். ஒன்றிரண்டு தொட்டிகளோடு தொடங்குங்கள். அவை ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் தாண்டிய பிறகு அடுத்ததை வாங்கலாம். அதற்குள் உங்கள் வீட்டு நிழலைப் பற்றி எந்த நர்சரிக்காரரையும்விட உங்களுக்கே அதிகம் தெரிந்திருக்கும்.